அரிட்டாபட்டிப் பாறையைக் கைபேசியில் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்குப் போகும் நம் மொழிப் படங்கள் வெள்ளைக்காரர்களுக்காக எடுக்கப்படுகின்றன, நம் வறுமையை விற்கின்றன, உள்ளூரில் அவற்றைச் சீண்ட ஆளில்லை என்று மூன்று குறை சொல்லியிருந்தார். முதல் இரண்டையும் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றாவதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உள்ளூரில் ஆளிருக்கிறதா இல்லையா என்பதை 35 வருடம் தியேட்டர் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

1981-ல், பதினெட்டு வயதில், மேலூர் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் பிலிம் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் லைசென்ஸ் வாங்கி ஆபரேட்டர் ஆனேன். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியிருக்கிறேன். செனான் விளக்கு வந்தது. பிலிம் பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. 2016-ல் வேலையிலிருந்து நின்றேன். ஒரு கூட்டம் எப்போது இருமும், எப்போது சீட்டில் நெளியும், எப்போது அசையாமல் உட்காரும் என்பது எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ படத்துக்குப் புலி விருது கிடைத்தது. அந்த விழாவின் பெரிய பரிசு அதுதான், 40,000 யூரோ. உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போன படமும் அதுவே. செய்தியில் விருதின் பெயர் இருந்தது, தயாரிப்பாளர்கள் விக்னேஷ் சிவன், நயன்தாரா பெயர் இருந்தது. படம் பிடித்த ஊரின் பெயர் இல்லை. அந்த ஊர் அரிட்டாபட்டி. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு குன்றுகள் உள்ள ஊர். சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று அரசு அறிவித்தது அந்த இடத்தைத்தான். 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்து போனோமே, அந்த ஊர்தான். சுரங்க ஏலத்தை ரத்து செய்த பிறகுதான் ஓய்ந்தோம். அந்த மாதம் எங்கிருந்தெல்லாமோ வந்த டிவிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டுக்கொண்டு நின்றார்கள். ரோட்டர்டாம் விழாவின் நடுவர்கள் அதற்கு நான்கு வருடம் முன்பே அந்தப் பாறையையும் அந்த வெயிலையும் பார்த்துவிட்டார்கள் என்பது அப்போது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

படத்தின் கதை சின்னது. குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும் வழியெல்லாம் பொட்டல் காட்டில் நடை. இயக்குநரின் உடன்பிறந்த சகோதரியைக் கணவன் வீட்டிலிருந்து துரத்த, அவர் கைக்குழந்தையோடு நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தாராம். அதிலிருந்து பிறந்த கதை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மதுரைப் பூ மார்க்கெட்டில் சிறுவனாக வேலை பார்த்தவர், அப்புறம் சென்னையில் டிவிடி கடையில் நின்றவர். ரோட்டர்டாம்காரர்களைக் குஷிப்படுத்த அவருக்கு எங்கே நேரம்? தன் வீட்டுப் பெண் நடந்த நடையைத்தான் அவர் எடுத்தார்.

படம் தியேட்டருக்கு வரும் என்று காத்திருந்தேன். 2021 போனது. 2022 போனது. 2023 அக்டோபர் கடைசியில் சோனி லிவ் தளத்தில் நேராக வெளியானது. பேரனின் கைபேசியில் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் முப்பது அடித் திரையில் சுவிட்சர்லாந்தையும் காஷ்மீரையும் ஊட்டியையும் ஓட்டிக் காட்டியவன், என் சொந்த மண்ணை உள்ளங்கை அகலத்தில் பார்த்தேன். பாதிப் படத்தில் யாரோ பேரனைக் கூப்பிட்டார்கள், படம் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் அரிட்டாபட்டியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய், அவர் மகனின் டிவியில் போடச் சொன்னேன். திண்ணையிலும் வாசலிலுமாகப் பதினான்கு பேர் உட்கார்ந்து பார்த்தோம். படம் ஒன்றேகால் மணி நேரம்தான். எலி பிடித்துச் சுடும் குடும்பம் வரும் இடத்தில் பேச்சு நின்றது. தாகம் எடுக்காமலிருக்க வாயில் கூழாங்கல்லை அதக்கிக்கொண்டு நடக்கும் அந்தப் பையன், வீட்டுக்கு வந்து அதை எடுத்து மாடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கல் கிடக்கிறது. ‘அய்யோ, எத்தனை தடவை நடந்திருக்கான்’ என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார். யாரும் விளக்காமலே அவருக்குப் புரிந்தது.

அப்புறம் அந்த ஊற்று. பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மோந்து குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒருத்தி முடித்து எழுந்த பிறகு அடுத்தவள். கேமரா எங்கும் போகாமல் அவர்களோடு காத்திருக்கிறது. எங்கள் சின்னம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, கண் மங்கல், டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ‘நானும் இப்படித்தாண்டா கொட்டாங்கச்சியில மோந்தேன், ஒரு குடம் ரொம்ப விடிஞ்சிரும்’ என்றார். படம் முடிந்ததும் என்னிடம் திரும்பி, ‘ஏப்பா, இதை எந்தக் கொட்டகையில போடுறாக?’ என்று கேட்டார். ஆபரேட்டரைத்தானே கேட்பார்? என்னிடம் பதில் இல்லை.

வறுமையை விற்கிறார்கள் என்று எழுதிய நண்பருக்கு என் பதில் அந்தச் சின்னம்மாதான். இந்தக் குற்றச்சாட்டு புதிதும் இல்லை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது நடிகை நர்கிஸ் சத்யஜித் ராயைப் பார்த்தே இதைச் சொன்னார். ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1956-ல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருது வாங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருடமே அது கல்கத்தாவில் ஓடியதை யாரும் சொல்வதில்லை. முதல் சில நாட்கள் கூட்டம் இல்லாமல் இருந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி ஜனம் வர ஆரம்பித்ததாம். கல்கத்தாக்காரன் பார்த்து முடித்த படத்தைத்தான் கான் பார்த்தது. அங்கே அந்தக் கொட்டகைக்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்திருக்கிறார்கள். நம் ஊரில் மூன்று நாள்தான்.

அந்த மூன்று நாள் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டது. சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரியும் அன்னா பென்னும் நடித்தது. ஆகஸ்ட் 23-ம் தேதி தியேட்டருக்கு வந்தது. இந்தத் தடவையாவது பெரிய திரையில் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தியேட்டர் பெயர் வேண்டாம். காலைக்காட்சி. எண்ணிப் பார்த்தேன், என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர். ஞாயிறு காலைக்கு அது மோசமான கூட்டம் இல்லை.

இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ இரைச்சல், சேவல், காற்று, பேச்சு, அவ்வளவுதான். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் ‘சவுண்டு போடுப்பா’ என்று கத்தினார். இன்னொருவர் எழுந்து போய் கேபின் கதவைத் தட்டினார். சவுண்டுப் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு என்ன நடக்கிறது என்று உடனே புரிந்தது. இதை ஒரு ஆபரேட்டர்தான் சொல்ல முடியும், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

தியேட்டர் சவுண்டு பிராசஸரில், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க, ஃபேடர் என்று ஒரு குமிழ் இருக்கும். படத்துக்கு ஒலி கலக்குகிறவர்கள் அதை 7-ல் வைத்துத்தான் கலக்குகிறார்கள். தியேட்டரிலும் 7-ல் வைத்தால் அவர்கள் காதில் கேட்டது நம் காதிலும் கேட்கும். ஆனால் இப்போது வரும் சண்டைப் படங்களின் இரைச்சலை 7-ல் வைத்தால் ஜனம் காதைப் பொத்திக்கொள்ளும், ஸ்பீக்கரும் கிழியும். அதனால் ஊர்ப்பக்கம் பல தியேட்டர்களில் 5-க்கும் கீழே இறக்கி வைத்துவிடுவோம். இறக்கியது இறக்கியதுதான், அடுத்த படத்துக்கு ஏற்ற மாட்டார்கள். சண்டைப் படத்துக்கு அது பரவாயில்லை. மூச்சுச் சத்தத்தையும் செருப்புச் சத்தத்தையும் நம்பி எடுத்த படத்தை அந்த அளவில் போட்டால் படத்தின் பாதி காணாமல் போய்விடும். பெர்லினில் பார்த்தவர்களுக்கு அந்தச் சேவலின் சிறகடிப்பு கேட்டிருக்கும். எங்களுக்குக் கேட்டது ஏசி மெஷின் சத்தம்.

இடைவேளையில் கேபினுக்குப் போனேன். இருபத்திரண்டு வயசுப் பையன். ‘தம்பி, நானும் ஆபரேட்டராக இருந்தவன்தான், ஃபேடரை 7-க்கு ஏத்திப் பாருப்பா’ என்றேன். மரியாதையான பையன், ‘மேனேஜர் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார் அய்யா’ என்று தயங்கினான். ‘ஏத்து, யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்’ என்றேன். ஏற்றினான். இரண்டாவது பாதியில் தியேட்டர் வேறு தியேட்டர் ஆகிவிட்டது. ரோட்டில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும். அத்தனை ஆம்பளைகளும் கிட்டப் போகப் பயப்படுவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் முப்பத்தொரு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நல்ல சிரிப்பு. ‘சவுண்டு போடுப்பா’ என்று கத்தியவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது, முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்களே என்று பக்கத்திலிருந்தவரிடம் சண்டைபோட்டுக்கொண்டே போனார். படம் பிடிக்காதவன் அப்படிச் சண்டைபோட மாட்டான்.

மறுநாள் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று போன் செய்து கேட்டேன். ‘அந்தப் படம் எடுத்தாச்சு சார்’ என்றார்கள். ஏன் என்று கேட்டால், ‘அது அவார்டு படம் சார், ஓடாது’ என்றார்கள்.

அவார்டு படம். இந்த இரண்டு வார்த்தை செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. 2015 ஜூனில் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ வந்தது. அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே அது டொரன்டோ விழாவில் காட்டப்பட்ட படம். தேசிய விருதும் வாங்கியிருந்தது. எங்கள் தியேட்டரில் யாரும் அதை அவார்டு படம் என்று சொல்லவில்லை. தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்திருந்ததால் நாலு காட்சியும் கொடுத்தார்கள், போஸ்டர் ஒட்டினார்கள். ஜனம் பிள்ளைகுட்டிகளோடு வந்தது. பீட்சாவை முதன்முதலாக வாயில் வைத்துவிட்டு அந்தப் பையன்கள் முகம் போகும் போக்கைப் பார்த்து எங்கள் கூட்டம் போட்ட கைதட்டலை நான் கேபினிலிருந்து கேட்டேன். டொரன்டோவிலும் அங்கேதான் தட்டியிருப்பார்கள்.

2016 பிப்ரவரியில் ‘விசாரணை’. வெனிஸ் விழாவில் ஒரிசோன்டி பிரிவில் போட்டியிட்டு, ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இத்தாலி விருதை வாங்கி வந்த படம். கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டும் மு. சந்திரகுமார் தான் பட்ட போலீஸ் அடியை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து எடுத்தது. என் வேலையில் கடைசி வருடம் அது. இரண்டாம் ஆட்டத்துக்கு எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டே வந்தது. ஆந்திராவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பையன்கள் சிலர் வந்தார்கள். இடைவேளைக்கு விளக்கு போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம் வந்து ‘என்ன, இன்னும் இடைவேளை விடலையா?’ என்று கேட்டார். 35 வருடத்தில் அப்படி ஒரு இடைவேளையை நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் உள்ளூரில் ஆளில்லை என்று எப்படிச் சொல்வது? ஆள் இருந்தது. காட்சி நேரம் இருந்தால், போஸ்டர் இருந்தால், ஒரு வாரம் பொறுமை இருந்தால் வந்தது.

விழாவுக்குப் போகிற படம் வேறு, ஜனங்கள் பார்க்கிற படம் வேறு என்று யார் முதலில் பிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஆரம்பத்தில் அப்படி இல்லை. புனேயில் பிரபாத் கம்பெனியார் 1936-ல் எடுத்த ‘சந்த் துக்காராம்’ மராத்திப் படம் 1937-ல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது. அதே படம் பம்பாயில் ஒரே தியேட்டரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. சிவாஜி 1960-ல் கெய்ரோ ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காக. அதை அவார்டு படம் என்று யாராவது ஒதுக்கினார்களா? இன்றைக்கும் எங்கள் பக்கம் அந்த வசனத்தைத் தலைகீழாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கன்னடத்தில் ‘திதி’ என்று ஒரு படம். மண்டியா பக்கத்துக் கிராமத்து ஆட்களையே நடிக்கவைத்து எடுத்தது. 2015-ல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் இரண்டு விருது வாங்கியது. அடுத்த வருடம் கர்நாடகத் தியேட்டர்களில் வெளியாகி ஓடியது.

நண்பர் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விழாவுக்குப் போன எல்லாப் படமும் நல்ல படம் இல்லை. சும்மா கேமராவை ஒரு சுவரைப் பார்த்து வைத்துவிட்டு அதை ஆழம் என்று நினைக்கும் படங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றை ஜனம் ஒதுக்கினால் தப்பில்லை. ஒதுக்குகிற உரிமை ஜனத்துக்கு இருக்கட்டும், மேனேஜருக்கு வேண்டாம் என்கிறேன்.

மேனேஜரை மட்டும் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. கணக்கு அப்படி. பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்ததும் செலவு குறையும் என்றார்கள். பெட்டிக்குப் பதிலாக, படம் ஓடும் ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளர் டிஜிட்டல் கம்பெனிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று வந்தது. வி.பி.எஃப். என்போம். 2018 மார்ச்சில் தமிழ்நாட்டில் புதுப்படமே வராமல் ஒன்றரை மாதம் போராட்டம் நடந்தது இதை வைத்துத்தான். பத்துப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் அந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். பெரிய ஹீரோ படத்துக்கு அது டீச்செலவு. சின்னப் படத்துக்காரர் என்ன செய்வார்? சென்னை, கோவை, மதுரை மாலில் சில திரையோடு நிறுத்திக்கொள்வார். மேலூருக்கும் திருப்பத்தூருக்கும் நத்தத்துக்கும் வரவே வராது. வந்தாலும் நைட் ஷிஃப்ட் முடிந்தவன் தூங்கும் நேரத்தில், வயலுக்குப் போனவள் திரும்பாத நேரத்தில் ஒரு காட்சி. அப்புறம் ‘பார், ஆளே வரவில்லை’ என்பார்கள்.

கேரளத்தில் எப்படி என்று ஒரு டிசம்பரில் போய்ப் பார்த்தேன். என் மருமகன் நாகர்கோவிலில் இருக்கிறார், அவர்தான் கூட்டிப்போனார். 1996-ல் தொடங்கி, இப்போது திருவனந்தபுரத்தில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா. கழுத்தில் அட்டையைப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கே வரிசையில் நிற்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள், பேங்க் ஊழியர்கள், வேட்டி கட்டிய பெரியவர்கள். ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவந்த ஆட்டோக்காரர், நாங்கள் விழாவுக்கு வந்திருக்கிறோம் என்றதும் எந்தப் படம் பார்க்கப் போகிறோம் என்று கேட்டார். கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரசாங்கமே நடத்தும் தியேட்டர்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அரசாங்கத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அங்கே 1975-லேயே தொடங்கியது. நான் போன காட்சியில் ஒலி மிகச் சரியாக இருந்தது. வெளியே வந்து கேபினைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தப் பழக்கம் என்ன செய்கிறது பாருங்கள். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்சுகளின் கதை. 2024 மே மாதம் கான் விழாவின் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீ வாங்கியது. 1994-ல் ஷாஜி கருணின் ‘ஸ்வாஹம்’ போனதற்குப் பிறகு, 30 வருடம் கழித்துக் கானின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். செப்டம்பரில் ‘பிரபயாய் நினச்சதெல்லாம்’ என்ற மலையாளப் பெயரோடு கேரளத் தியேட்டர்களுக்கு வந்துவிட்டது. மற்ற மாநிலங்களுக்கு நவம்பரில்தான். நாலே மாதத்தில் அந்தப் படம் தன் மொழிக்காரர்களிடம் திரும்பி வந்தது. ‘கூழாங்கல்’லுக்கு ஆனது இரண்டு வருடம் எட்டு மாதம், அதுவும் கைபேசிக்கு. கோயம்புத்தூர் ஜவுளிக்கடை ஊழியரின் ஒரு நாளை எடுத்த அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ 2020-ல் ரோட்டர்டாமில், ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது வாங்கியது. தமிழ் எழுத்தாளர் திலீப் குமார் எழுதிய சிறுகதையிலிருந்து பிறந்த படம். எங்கள் பக்கத்துத் தியேட்டர் எதிலும் அதன் போஸ்டரைக்கூட நான் பார்க்கவில்லை.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முதலில் உங்களிடம். விருதுச் செய்தி போடும்போது சிவப்புக் கம்பளப் படத்தோடு நிறுத்தாதீர்கள். படம் எந்த ஊரில் எடுத்தது, அந்த ஊர்க்காரர்கள் எங்கே எப்போது பார்க்கலாம் என்று இரண்டு வரி சேருங்கள். பார்க்க வழி இல்லையென்றால், வழி இல்லை என்றே போடுங்கள். அதைப் படித்துச் சம்பந்தப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தட்டும்.

அரசாங்கம் சொந்தமாகத் தியேட்டர் கட்ட வருடக்கணக்காகும், தெரியும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். விழாக்களில் தேர்வான தமிழ்ப் படம் ஒன்று தாலுகா ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம் ஓடுவதற்கான அந்த டிஜிட்டல் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். சாயங்கால ஆட்டம் ஒன்றை அதற்கு ஒதுக்கச் சொல்லட்டும். டிக்கெட் பணம் வழக்கம்போலத் தியேட்டருக்கும் தயாரிப்பாளருக்கும் போகட்டும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மகாராஷ்டிரத்தில் மல்டிபிளெக்ஸ்கள் மராத்திப் படத்துக்கு நல்ல நேரத்துக் காட்சி கொடுக்க வேண்டும் என்று 2015-லேயே அரசு சொன்னது. அப்போது எத்தனையோ பேர் எதிர்த்தார்கள். ஆனாலும் அரசு வாய் திறந்து சொன்னது.

படம் எடுக்கிற தம்பி தங்கைகளிடமும் ஒன்று. ஊருக்கு வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்து, எங்கள் சோற்றைத் தின்று, எங்கள் பாறையையும் ஆட்டையும் கிழவியையும் படம் பிடித்துக்கொண்டு போகிறீர்கள். சந்தோஷமாகத்தான் கொடுக்கிறோம். ஒளிபரப்புக் கம்பெனிக்குப் படத்தை விற்கும்போது, படம் பிடித்த ஊரில் ஒரே ஒரு காட்சி பெரிய திரையில் போடும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். ஒரு காட்சிதான். அதில் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

கடைசியாக என் ஊர்த் தியேட்டர் முதலாளிகளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தக் காட்சி காலியோ அதைக் கொடுங்கள். ‘கூழாங்கல்’ உரிமை வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுத ஆள் பிடித்துவிட்டேன், மருமகன் கடிதம் அடித்துக் கொடுக்கிறார். அரிட்டாபட்டியிலிருந்து ஒரு மினி பஸ் நிறைய ஆள் கூட்டிவருவது என் பொறுப்பு. சின்னம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு சீட்டு மட்டும் வேண்டும், அவருக்குக் கண் மங்கல். கேபினில் நானே நிற்கிறேன், சம்பளம் வேண்டாம். முதல் நாளே வந்து லென்ஸைத் துடைத்து, ஃபேடரை 7-ல் வைத்து, ஒரு ரீல் அளவுக்கு ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.